குடியாத்தத்தில் இரண்டு அரிவாள்

தமிழக இடதுசாரிகள் பிரிந்த கதையையும் கூடிய கதையையும் குடியாத்தம் என்ற ஒரே தொகுதியை வைத்துச் சொல்லிவிடலாம். நெசவும் தீப்பெட்டியும் பிழைப்பு கொடுத்த ஊர் அது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் தோல் ஊரான பேர்ணாம்பட்டும் அந்தத் தொகுதியில் சேர்ந்தது. 1954-இல் முதலமைச்சர் காமராசர் இங்கே இடைத்தேர்தலில் நின்றார். பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள். எதிர்த்து நின்று தோற்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே.கோதண்டராமன். அன்று கட்சி ஒன்றாகவே இருந்தது.

சீனப் போரும், காங்கிரசோடு சேர்வதா மோதுவதா என்ற சண்டையும் அதை உடைத்தன. 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், பி.ராமமூர்த்தியும் என்.சங்கரய்யாவும் அவர்களில் இருந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. 1920 முதல் இருந்த ஏஐடியுசி தொழிற்சங்கத்துக்குப் போட்டியாக 1970-இல் மார்க்சிஸ்டுகளின் சிஐடியு வந்தது. நக்சல்பாரி வழியில் போனவர்கள் இன்னொரு கிளை. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் அவர்களின் குண்டுக்கு ஆய்வாளர் பழனிசாமியும் காவலர்களும் பலியானார்கள். பின் நடந்த போலீஸ் வேட்டையில், குடியாத்தம் இருந்த வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

தேர்தல் கணக்கு வேறு மாதிரி ஓடியது. 1967-இல் திமுகவோடு சேர்ந்த மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடம், விலகி நின்ற இந்திய கம்யூனிஸ்டுகளுக்கு 2. 1971-இல் திமுகவோடு இருந்தவர்கள் இந்திய கம்யூனிஸ்டுகள்: 8 இடம். மார்க்சிஸ்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1977-இல் கோதண்டராமன் குடியாத்தத்தில் வென்றபோது மார்க்சிஸ்ட் வேட்பாளர். அவர் கட்சி அதிமுக அணியில், இந்திய கம்யூனிஸ்ட் காங்கிரஸ் அணியில். 2006-இல் திமுக அணியின் மார்க்சிஸ்ட் ஜி.லதாவும் 2011-இல் அதிமுக அணியின் இந்திய கம்யூனிஸ்ட் கு.லிங்கமுத்துவும் அதே தொகுதியில் வென்றார்கள். 2016-இல் இரு கட்சிகளும் மக்கள் நலக் கூட்டணியில் ஒன்றாக நின்றும் எங்கும் வெல்லவில்லை. திமுக அல்லது அதிமுகவின் தோள் இல்லாமல், ஒற்றுமை மட்டும் ஓட்டாகவில்லை.

தோல் பதனிடும் ஷாப்பில் இடதுசாரிகள் சாதியைப் பார்க்காததன் விலை இன்னும் அதிகம். ஊறவைப்பது, சுண்ணாம்பு போடுவது, சதை நீக்குவது ஆகிய ஈர வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள். முதலில் வர்க்கம், சாதியைப் பிறகு பார்ப்போம் என்ற வாதம் அவர்களிடம் எடுபடவில்லை. அம்பேத்கர் இயக்கத்துக்கு வட ஆற்காட்டில் வேர் ஆழம். இதை இடதுசாரிகள் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள்.

இப்போது பக்கத்து ஊரான ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனிக்கு வெளியிலும் வேலை நடக்கிறது. ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் ஷூ மேற்பாகங்களைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தடித்த நூலால் கையாலேயே தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. வருகைப் பதிவேடு கிடையாது, பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. முதலாளி யார் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆலை வாசலில் சங்கம் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் திண்ணை புதிது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து ஏஐடியுசியும் சிஐடியுவும் சேர்ந்தே நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்கின்றன. அதே சேர்க்கை ஏஜென்டிடம் ஜோடிக் கூலி பேசவும் வேண்டும்: ஒரு தெருவில் ஒரு சங்கம் கூட்டிக் கேட்டால், அவர் மூட்டையை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடுவார்.