கூரை மேல நடக்கலாம்... உள்ளே?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. தீசிஸ் உயிரை வாங்குது. இன்னைக்கும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனா போன வாரம் நடந்த ஒண்ணு மண்டைக்குள்ளேயே சுத்துது, சொல்லிட்டுப் போயிடறேன்.

ஓஸ்லோவுக்கு யார் வந்தாலும் முதல்ல கூட்டிட்டுப் போற இடம் ஆப்பரா ஹவுஸ்தான். ஊர்ல இருந்து வந்த நண்பர்கள் நாலு பேரையாவது நானே கூட்டிட்டுப் போயிருக்கேன். பியோர்விகாங்கிற இடத்துல, கடலுக்குள்ளேயிருந்து வெள்ளையா ஒரு பனிப்பாறை சரிஞ்சு எழுந்த மாதிரி நிக்கும். கூரையே தரைவரைக்கும் சரிஞ்சு வருது. டிக்கெட் கிடையாது, செக்யூரிட்டி கிடையாது, நேரா நடந்து உச்சிக்குப் போயிடலாம். காலுக்குக் கீழே இத்தாலியின் கராரா சலவைக்கல். வெயில் அடிச்சா பாதி ஊர் அங்கேதான் படுத்துக் கிடக்கும். குளிர்காலத்துல ஜாக்கிரதை, நான் ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்தபடியே பாதி தூரம் இறங்கி வந்திருக்கேன் :-)

நான் குடியிருக்கிற வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். மாமான்னுதான் கூப்பிடுவேன். 1986-ல் ஃபோல்க் ஹைஸ்கூல் படிக்கன்னு வந்தவர். அப்புறம் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஃபேக்டரி, அதுக்கப்புறம் ஓஸ்லோவில் ஆஸ்பத்திரி வேலை. பேரப்பிள்ளைகளோட அந்தக் கூரைக்கு அவர் போகாத கோடை இல்லை. "உள்ளே போயிருக்கீங்களா மாமா?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"இல்லைத் தம்பி. உது கோட் சூட் போட்ட ஆக்களின்ர இடம். எங்களுக்கு உந்தக் கூரை காணும்."

சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு என்னவோ பண்ணுச்சு.

இந்த நாட்டுக்கே ஆப்பரா ரொம்ப லேட்டாத்தான் வந்தது, அது தெரியுமா உங்களுக்கு? ஐரோப்பாவுல ஆப்பரா வளர்ந்ததுல ராஜசபைகளுக்குப் பெரிய பங்கு. நார்வே 1814 வரை டென்மார்க் ராஜாவுக்குக் கீழே, அப்புறம் 1905 வரை ஸ்வீடன் ராஜாவுக்குக் கீழே. ராஜாவும் அரண்மனையும் வேற ஊர்ல இருந்தா இங்கே யார் ஆப்பரா கட்டுவாங்க? தேசிய ஆப்பரா கம்பெனின்னு ஒண்ணு உருவானதே 1957-ல்தான். முதல் இயக்குநர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். 1935-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடை ஏறி, வாக்னர் பாடறதுன்னா இவங்கதான்னு உலகமே சொன்ன பாடகி. 1958-ல் பொறுப்பேத்து, உடம்பு முடியாம 1960-ல் விலகி, 1962-ல் இறந்துட்டாங்க. கட்டிடத்துக்கு முன்னாடி அவங்க சிலை இருக்கு.

கம்பெனி வந்தாச்சு, சொந்த வீடு? 1959-லிருந்து 2008 வரை யுங்ஸ்தோர்கெ பக்கம் ஃபோல்கே தியேட்டரில்தான் குடித்தனம். வீடு கட்டணும்னு பேச்சு எழுந்ததும் சண்டை. ஊருக்கு மேற்கேயா, கிழக்கேயா? மேற்கு ஓஸ்லோ பணக்காரப் பக்கம், கிழக்கு உழைக்கிறவங்க பக்கம். 1999-ல் பாராளுமன்றம் கிழக்கேன்னு முடிவு பண்ணுச்சு. துறைமுகமும் நெடுஞ்சாலையுமா கிடந்த இடத்துல ஸ்னோஹெட்டாங்கிற நார்வே நிறுவனம் வடிவமைச்ச கட்டிடம் 2008 ஏப்ரல் 12-ல் திறந்தது. செலவு 400 கோடி குரோனருக்கு மேல, எல்லாம் அரசாங்கப் பணம். அப்போ நாட்டோட ஜனத்தொகையே 50 லட்சத்துக்குக் குறைவு! இன்னைக்கும் கம்பெனியோட வரவுல பெரும்பங்கு அரசு மானியம்தான்.

"யாரோ நாலு பேர் பாட்டுக் கேட்க நான் ஏன் வரி கட்டணும்?"னு இங்கேயும் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். அந்தக் கூரையே அதுக்கு ஒரு பதில்னு எனக்குத் தோணும். உள்ளே வராதவனுக்கும் ஒரு பங்கு. கட்டிடத்தோட பின்பக்கம் தெருவுல நடந்தா, கண்ணாடி வழியா பட்டறைகளையும் பார்க்கலாம். பாடறவங்க, ஆடறவங்க, வாசிக்கிறவங்களோட உடுப்புத் தைக்கிறவங்க, செட் போடறவங்கன்னு சுமார் 600 பேர் வேலை பார்க்கிற இடம்.

ஆனா கூரை மட்டும் போதுமா? வரி கட்டறதுல மாமாவுக்கு முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். "உங்க காசுல கட்டினது மாமா, ஒரு தடவை வந்து பாருங்க"ன்னு நச்சரிச்சு ரெண்டு டிக்கெட் எடுத்தேன். எனக்கு மாணவர் சலுகை, அவருக்கும் பக்கத்துலயே மேல் பால்கனி ஓரம். புச்சினியோட லா பொஹேம்.

மாமா கல்யாணத்துக்குப் போடற கோட்டோட வந்தார். எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் ஜீன்ஸ், ஸ்வெட்டர்ல போனார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! வாசல்ல ஃப்ளாக்ஸ்டாட் சிலையைக் காட்டினதும் நின்னுட்டார். "உந்த மனுசிய எனக்குத் தெரியும். பழைய நூறு குரோனர் நோட்டில இருந்தவ. எவ்வளவு பேரை ஊருக்கு அனுப்பினனான்!"

உள்ளே, முகப்புக் கூடத்துல ஓக் மரத்துல அலையடிக்கிற மாதிரி பெரிய சுவர். படகு கட்டறவங்க செஞ்ச வேலை. மாமா தடவித் தடவிப் பார்த்தார். கிட்டத்தட்ட 1,360 பேர் உட்கார்ற அரங்கம் இருட்டு நிற ஓக்கில் லாட வடிவத்துல. ஒவ்வொரு சீட்டுக்கு முன்னாடியும் சின்னத் திரை, பாட்டு இத்தாலியில் ஓட ஓட அர்த்தம் வரும். நான் ஆங்கிலம் வெச்சுக்கிட்டேன், மாமா நார்வேஜியன். நான் இன்னும் கடையில பால் வாங்கவே தடுமாறற மொழியை அவர் கடகடன்னு வாசிச்சார்.

ஓஸ்லோவில் பிறந்த ஸ்டெஃபான் ஹெர்ஹெய்ம் 2012-ல் இங்கே இயக்கின தயாரிப்பு, மறுபடி போட்டிருந்தாங்க. வழக்கமா கடைசியில் காசநோயில் சாகிற மிமி, இதுல முதல்லயே புற்றுநோய் வார்டில் செத்துப் போறா. மானிட்டர்ல கோடு நேராகுது. காதலன் ரொடோல்ஃபோ அதை ஏத்துக்க முடியாம பழசுக்குள்ளேயே ஓடறான். மொத்தக் கதையும் அப்படித்தான் நகருது. ஆஸ்பத்திரியில இத்தனை வருஷம் படுக்கை விரிப்பு மாத்தின மனுஷன் பக்கத்துல உட்கார்ந்திருக்காரேன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. தெரிஞ்சிருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்.

இடைவேளையில மாமா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "இது எங்கட மயான காண்டம்தானே தம்பி."

நம்ம ஊர்ப் பசங்களுக்காக ஒரு விளக்கம். தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் கொண்டுபோன இசை நாடகம் யாழ்ப்பாணத்துல வேரூன்றி வளர்ந்தது. அங்கே நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனா நடிச்ச 'மயான காண்டம்' ஆயிரக்கணக்கான மேடை கண்டது. செத்த மகனைத் தூக்கிக்கிட்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வர, காவல் நிக்கிற அரிச்சந்திரன் சொந்தப் பிள்ளைக்கே கூலி கேக்கற கட்டம். எல்லாமே பாட்டு. மாமா சின்ன வயசுல அதைக் கோயில் வெளியில மணல்ல உட்கார்ந்து, விடிய விடியப் பார்த்தவர்.

"அப்போ உங்க ஊர் ஆப்பராவுக்குக் கதவே இல்லை"ன்னேன், ஏதோ பெருசாக் கண்டுபிடிச்ச மாதிரி.

"அப்பிடிச் சொல்லாதையும். அங்கயும் ஆர் எங்க இருந்து பாக்கிறதெண்டு இருந்தது. கதவில்லாட்டி என்ன, கயிறு இருக்கும்."

வாயை மூடிக்கிட்டேன். ராஜசபையோ கோயில் வெளியோ, கலை இருந்த இடத்துலெல்லாம் ஒரு கயிறும் இருந்திருக்கு. இங்கே அரசாங்கம் கிழக்குப் பக்கம் கட்டி, கூரையைத் திறந்து விட்டு, சீட்டுக்கு முன்னாடி மொழிபெயர்ப்பும் வெச்சுப் பாதி கயிற்றை அவிழ்த்திருக்கு. மீதிப் பாதி மாமா மனசுல இருந்தது. அதை யாராவது கூட வந்து அவிழ்க்கணும் போல. தேசிய ஆப்பரான்னு பேர் வெச்சா, அது தேசத்துல கடைசியா வந்து சேர்ந்தவனுக்கும் சொந்தமாகிற வரைக்கும் வேலை முடியலை.

திரும்பி வரும்போது ராத்திரி பதினொண்ணு. மெட்ரோவில் ஜன்னலோரம் மாமா மெதுவா எதையோ முணுமுணுத்துக்கிட்டே வந்தார். புச்சினி இல்லை, அது மட்டும் நிச்சயம். இறங்கும்போது கேட்டார்: "டிசம்பரில பிள்ளையளுக்கு நட்கிராக்கர் போடுவினமாம். டிக்கெட் எப்பிடி எடுக்கிறதெண்டு காட்டித் தாரும்."

சரி, தீசிஸ் கூப்பிடுது. வர்றேன்.

பி.கு: ஓஸ்லோவில் இருக்கிற மாணவ மக்களே, கூரையில போட்டோ எடுத்தது போதும். மாணவர் சலுகை இருக்கு. உள்ளேயும் ஒரு தடவை போங்க. முடிஞ்சா பக்கத்து வீட்டு மாமாவையும் கூட்டிட்டுப் போங்க.