நிழலுக்கும் நிறமுண்டு

வெயில் படிந்த பூந்தோட்டம் ஒன்றைத் தீட்டுமாறு மாணவனிடம் கூறினால், இலைக்குப் பச்சை, பூவுக்கு மஞ்சள், நிழலுக்குக் கறுப்பு என்று வர்ணங்களை எடுத்து வைப்பான். இவை அறிவு சொல்லும் நிறங்கள். கண் காணும் நிறங்கள் வேறு. இவ்வேற்றுமையை உலகுக்கு உணர்த்தியவர் பிரான்சு நாட்டின் மனப்பதிவு ஓவியர்கள்.

அவருள் முதல்வரான கிளோட் மொனே, 1866 ஆம் ஆண்டில் 'தோட்டத்தில் பெண்கள்' என்னும் சித்திரத்தைத் திறந்த வெளியிலேயே தீட்டத் தொடங்கினார். எட்டடிக்கு மேற்பட்ட உயரமுடைய அச்சித்திரத்தின் மேற்பகுதி கைக்கெட்டும் பொருட்டு, நிலத்திற் பள்ளந் தோண்டி அதனை இறக்கினார். அதிலே வெண்ணிற ஆடைமீது விழும் நிழல் நீலமாயிருக்கும். 1867 இல் பாரிசின் உத்தியோகபூர்வக் கண்காட்சி அதனை ஏற்க மறுத்தது.

நிழல் நீலமாவது ஏன்? வெயில் மறைந்த இடத்திலும் வானத்தின் நீல ஒளி வந்து படிகிறது. அருகிலுள்ள வெயிலின் மஞ்சளோ, தன் எதிர்நிறமாகிய ஊதாவைக் கண்ணுக்கு மிகுத்துக் காட்டுகிறது. ஆதலால் கறுப்பை விலக்கி, நீலம், ஊதா, பச்சை ஆகியவற்றைச் சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வைத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குழைத்த வர்ணம் மங்கும். தனித்தனியே வைத்தவற்றைச் சற்று எட்ட நின்று நோக்குங் கண் தானே இணைத்துக்கொள்ளும்.

ஐரோப்பிய நவீன ஓவியத்தின் போக்குகளை இலங்கையில் 1920 களில் அறிமுகஞ் செய்தவருள், சித்திரக் கல்விப் பரிசோதகராயிருந்த சி. எவ். வின்சர் குறிப்பிடத்தக்கவர். ஆயினும், முறையைக் கொள்ளலாம். வெயிலைக் கடன் வாங்க முடியாது. மொனராகலையில் ஏப்ரல், செப்டெம்பர் மாதத் தொடக்கங்களில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேரே நிற்கும். அப்போது நிழல் மரத்தடியில் ஒடுங்கும், நிறங்கள் வெளிறும். காலையும் மாலையும் சாய்ந்து விழும் வெயிலே தீட்டுவதற்கு ஏற்றது. செம்மண்ணிற் பட்டு மீளும் ஒளி இலைகளின் அடிப்புறத்தைச் சிவக்கச் செய்வதையும் அப்பொழுது காணலாம். சூரியன் மணித்தியாலத்துக்குப் பதினைந்து பாகை நகர்வதால், நிழல் இடம் மாறியதும் தூரிகையை வைத்துவிட்டு, மறுநாள் அதே வேளையில் தொடர்வது நன்று. 1890, 1891 ஆம் ஆண்டுகளில் வைக்கோற் போர்களைத் தீட்டிய மொனேயும், ஒளி மாறுந்தோறும் சித்திரத்தை மாற்றி மாற்றியே வேலை செய்தார்.

நாட்காட்டியிலுள்ள அயல்நாட்டுத் தோட்டத்தைப் பார்த்து எழுதுவதைவிட, லயத்து முற்றத்துச் செவ்வந்தியைப் பார்த்து எழுதுவது கண்ணுக்கு மேலான பயிற்சி. அவ்வாறு எழுதிய மாணவன் நிழலை நீலமாகத் தீட்டியிருந்தால், ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துமுன் ஒருமுறை முற்றத்துக்குச் சென்று நிழலைப் பார்த்தல் வேண்டும்.