மைக் வேலை செய்யலையா? முதல்ல அந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்க

"சார், உங்க வாய் அசையுது, சத்தம் வரல." ஆன்லைன் மீட்டிங்ல ஒரு தடவையாவது உக்காந்தவங்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். அடுத்து என்ன நடக்கும்? ஹெட்செட்டைப் பிடுங்கிச் சொருகுவாங்க. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுவாங்க. யாரோ சொன்னாங்கன்னு டிரைவரை அழிப்பாங்க. அதுக்கும் சரியாகலன்னா புது ஹெட்செட் ஆர்டர் போட்டுருவாங்க. அதுவும் வந்து சேரும், அப்பவும் சத்தம் வராது!

வீட்டுக் குழாய்ல தண்ணி வரலன்னா நாம குழாயை உடைக்கிறதில்ல. மாடில ஏறி டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாப்போம், அப்புறம் வால்வைப் பாப்போம். மைக்குக்கும் அதே வழிதான். உங்க குரல் மைக்ல நுழைஞ்சு, வயர்ல போயி, விண்டோஸ்குள்ள வந்து, அனுமதி வாங்கி, கடைசில ஜூம் மாதிரி ஒரு ஆப்புக்குப் போய்ச் சேருது. இந்தப் பாதையில எங்க நிக்குதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் எதையும் கழட்டாதீங்க, எதையும் அழிக்காதீங்க.

கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் ஒரே வழி.

[திரையில்: ரன் பெட்டி]

கீபோர்டுல விண்டோஸ் பட்டனோட ஆர் அமுக்குங்க. சின்னதா ஒரு பெட்டி வரும். அதுல எம்எம்சிஸ் டாட் சிபிஎல், திரையில இருக்கிற மாதிரியே டைப் பண்ணி என்டர் தட்டுங்க. பழைய சவுண்ட் ஜன்னல் திறக்கும். மேல ரெண்டாவதா இருக்கிற 'ரெக்கார்டிங்' டேபுக்குப் போங்க. உங்க கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச மைக் எல்லாம் அங்க வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு மீட்டர். இப்ப ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணுங்க. எந்த மைக் பக்கத்துல பச்சைக் கோடு ஏறி இறங்குது?

இதுக்கு நாலு பதில் உண்டு. நம்ம மைக்ல கோடு ஆடுது. வேற மைக்ல ஆடுது. எதுலயும் ஆடல. இல்ல, நம்ம மைக் பட்டியல்லயே இல்ல. ஒவ்வொண்ணா வருவோம்.

முதல் பதில். நம்ம மைக்ல கோடு ஆடுது, ஆனா எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கேக்கல. சந்தோஷப்படுங்க. மைக் நல்லா இருக்கு, வயர் நல்லா இருக்கு, டிரைவரும் நல்லா இருக்கு. காசு செலவு கிடையாது. சிக்கல் ஆப்லயோ, அதுக்கான அனுமதியிலயோதான்.

ஜூம்னா, கீழ இடது மூலையில மைக் படம் இருக்கான்னு பாருங்க. மைக் படத்துக்குப் பதிலா 'ஜாயின் ஆடியோ'ன்னு ஹெட்போன் படம் இருந்தா, நீங்க மீட்டிங்குள்ள வந்துட்டீங்க, உங்க ஆடியோ இன்னும் வரல. அதை அமுக்குனா முடிஞ்சது. மைக் படம் இருந்தா, அது பக்கத்துல மேல் நோக்கி ஒரு சின்ன அம்பு இருக்கும். அதை அமுக்குனா மைக் பட்டியல் வரும். அதுல சரியான மைக்தான் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. விண்டோஸ்ல எந்த மைக் போட்டிருந்தாலும், ஆப் தனக்குன்னு ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வச்சிருக்கும்.

கூகுள் மீட் மாதிரி குரோம்ல திறக்கிறதுன்னா, முகவரி எழுதுற பட்டைக்கு இடது ஓரத்துல ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொட்டா அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கா இல்லையான்னு தெரியும். என்னைக்கோ அவசரத்துல 'பிளாக்' அமுக்கியிருப்போம். குரோம் அதை ஞாபகம் வச்சிருக்கும், மறுபடி கேக்காது. அனுமதியை மாத்திட்டுப் பக்கத்தை ரீலோட் பண்ணுங்க.

அடுத்து விண்டோஸோட அனுமதி. செட்டிங்ஸ்ல 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதுக்குள்ள 'மைக்ரோஃபோன்'. விண்டோஸ் 10ல வெறும் 'பிரைவசி'ன்னு இருக்கும். மேலேருந்து கீழ மூணு இடம் பாக்கணும். முதல்ல 'மைக்ரோஃபோன் ஆக்சஸ்', இது மெயின் சுவிட்ச். அடுத்து, ஆப்களுக்கான அனுமதி. பட்டியலைத் தாண்டிக் கீழ போனா, 'டெஸ்க்டாப் ஆப்'களுக்குன்னு தனியா ஒண்ணு. ஜூம், குரோம், ரெக்கார்டிங் பண்ற ஓபிஎஸ் ஆப் எல்லாம் இந்தக் கடைசி சுவிட்சுக்குக் கீழதான் வரும். மேல ரெண்டையும் ஆன் பண்ணிட்டு, கீழ இருக்கிற இதைப் பாக்காம விடுறவங்கதான் அதிகம்.

ரெண்டாவது பதில். கோடு ஆடுது, ஆனா வேற மைக்ல. நீங்க ஹெட்செட்ல பேசுறீங்க, கம்ப்யூட்டர் வெப்கேம்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கு. வெப்கேம் சொருகும்போது அதோட மைக்கும் சேர்ந்துதான் வரும். 'ஸ்டீரியோ மிக்ஸ்'னு ஒண்ணு இருந்தா, அது மைக்கே இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற சத்தத்தைப் பதிவு பண்றது. உங்க மைக் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. 'செட் அஸ் டிஃபால்ட் டிவைஸ்', 'செட் அஸ் டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்'னு ரெண்டு வரும். ரெண்டையுமே கொடுங்க. முதலாவது ரெக்கார்டிங் மாதிரி பொது வேலைக்கு, ரெண்டாவது கால் பேசுறதுக்கு. ஒண்ணை மட்டும் மாத்தினா, ரெக்கார்டிங்ல கேக்கும், கால்ல கேக்காதுன்னு புதுத் தலைவலி வரும்.

மூணாவது பதில். மைக் பட்டியல்ல இருக்கு, கோடு அசையவே இல்ல. இங்கதான் கொஞ்சம் நின்னு பாக்கணும்.

முதல்ல மியூட். ஹெட்செட் வயர்ல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கான்னு தடவிப் பாருங்க. சில லேப்டாப் கீபோர்டுல மேல் வரிசையில மைக் படத்துல குறுக்குக் கோடு போட்ட பட்டன் இருக்கும். திங்க்பேட்ல அது எஃப்4, அதுல லைட் எரிஞ்சா மைக் மியூட்னு அர்த்தம். அப்புறம், முதல் பதில்ல சொன்ன 'மைக்ரோஃபோன் ஆக்சஸ்' மெயின் சுவிட்சும் ஆஃப்ல இருக்கக் கூடாது.

அடுத்து, லேப்டாப் கேமராவை மறைக்க ஸ்டிக்கரோ மூடியோ ஒட்டியிருக்கீங்களா? நிறைய மாடல்ல மைக் துளை கேமராவுக்கு ரெண்டு பக்கமும் ஊசி முனை அளவுலதான் இருக்கும். ஸ்டிக்கர் அதையும் சேர்த்து மூடியிருக்கும். எடுத்துட்டுப் பாருங்க. தூசி அடைச்சிருக்குன்னு ஊக்கு, குண்டூசி விட்டு மட்டும் குத்தாதீங்க. உள்ள இருக்கிற மெல்லிய சவ்வு கிழிஞ்சா அந்த மைக் அதோட போச்சு.

இப்ப வயர். உங்க இயர்போன் பின்னைக் கையில எடுத்து உத்துப் பாருங்க.

[திரையில்: பின் க்ளோசப்]

உலோகத்துல கறுப்பு வளையம் எத்தனை இருக்கு? ரெண்டு வளையம்னா அந்த உலோகம் மூணு துண்டாப் பிரிஞ்சிருக்கு. இடது காது, வலது காது, எர்த். மைக்குக்கு அதுல இடமே இல்ல. மூணு வளையம்னா நாலு துண்டு. நாலாவது துண்டு, வயர் பக்கம் இருக்கிற கடைசித் துண்டு, மைக். மைக்கோட வர்ற போன் இயர்போன்ல இந்த மாதிரி பின் இருந்தா, அது பெரும்பாலும் மூணு வளைய ரகம்தான்.

லேப்டாப்ல ஒரே துளை இருந்து, பக்கத்துல மைக்கோட சேர்ந்த ஹெட்செட் படம் போட்டிருந்தா, மூணு வளைய பின்னை அப்படியே சொருகலாம். டெஸ்க்டாப்ல கதை வேற. பச்சைத் துளை கேக்க, ரோஸ் துளை பேச. போன் இயர்போனைப் பச்சையில சொருகுனா பாட்டு கேக்கும், மைக் எடுக்காது. ரோஸ்ல சொருகுனா பாட்டும் போச்சு. இதுக்கு ஒரு ஸ்ப்ளிட்டர் வேணும்: ஒரு பக்கம் இயர்போன் சொருக ஒரு துளை, மறு பக்கம் பச்சைக்கும் ரோஸுக்கும் ரெண்டு பின். வாங்கும்போது கவனம். ரெண்டு பேர் சேர்ந்து பாட்டு கேக்குறதுக்குன்னு ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கு, பாக்க இதே மாதிரி இருக்கும். அதுல ஒரு பின், ரெண்டு துளை. நமக்கு வேண்டியது ரெண்டு பின், ஒரு துளை. பின்கள்ல ஹெட்போன் படமும் மைக் படமும் போட்டிருக்கும்.

அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப்னா இன்னொண்ணு. கேபினெட் முன்னாடி இருக்கிற துளை வேலை செய்யலன்னா, பின்னாடி மதர்போர்டுல நேரா இருக்கிற துளையில சொருகிப் பாருங்க. பின்னாடி கேட்டா, கேபினெட்லேருந்து மதர்போர்டுக்குப் போற ஆடியோ கேபிளை உள்ள சொருகாம விட்டிருக்கலாம்.

காலர் மைக் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. போயா எம்1 மாதிரி மைக்கோட வயர்ல ஒரு டப்பா இருக்கும், அதுல போன், கேமரான்னு ரெண்டு நிலை. கேமரா நிலைக்கு டப்பாவுக்குள்ள இருக்கிற எல்ஆர்44 பட்டன் பேட்டரி உயிரோட இருக்கணும். டெஸ்க்டாப்போட ரோஸ் துளைக்குக் கேமரா நிலை, லேப்டாப்போட ஒத்தைத் துளைக்குப் போன் நிலை. ஸ்டுடியோ கண்டென்சர் மைக்னா, இடையில இருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல '48வி' பட்டனை அமுக்கணும். அந்த மின்சாரம் போகலன்னா அந்த மைக் ஊமைதான்.

நாலாவது பதில். பட்டியல்லயே மைக் இல்ல. அவசரப்படாம, அந்தப் பட்டியல்ல வெத்து இடத்துல ரைட் கிளிக் பண்ணி 'ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்' கொடுங்க. மங்கலா உங்க மைக் தெரிஞ்சா, அது மேல ரைட் கிளிக் பண்ணி 'எனேபிள்'. அப்பவும் இல்லன்னாதான் டிரைவர் பக்கம் போகணும். விண்டோஸ் புதுசாப் போட்ட லேப்டாப்ல இது அடிக்கடி நடக்கும். நிறைய இன்டெல் லேப்டாப்ல உள்ளமைஞ்ச மைக்குக்கு 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்'னு தனி டிரைவர். ரியல்டெக் டிரைவர் மட்டும் போட்டா ஸ்பீக்கர் பாடும், மைக் காணாமப் போயிரும். கண்ட டிரைவர் சாஃப்ட்வேரை இறக்காம, லேப்டாப் கம்பெனி தளத்துக்குப் போயி உங்க மாடல் நம்பரைப் போட்டு, ஆடியோ டிரைவர் எல்லாத்தையும் எடுங்க.

மேக் வச்சிருக்கிறவங்களுக்குச் சுருக்கமா: சிஸ்டம் செட்டிங்ஸ்ல 'சவுண்ட்', அதுல 'இன்புட்'. அங்கேயும் இதே மாதிரி மீட்டர் ஆடும். அனுமதி 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'ல இருக்கு. அனுமதி கொடுத்த பிறகு ஆப்பை முழுசா மூடித் திறக்கணும். மேல ஆரஞ்சுப் புள்ளி தெரிஞ்சா, ஏதோ ஒரு ஆப் மைக்கை எடுத்திருக்குன்னு அர்த்தம்.

சரி, சத்தம் வருது, ஆனா நல்லா வரல. இதுல நாலு புகார்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒண்ணு, குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி சின்னதா இருக்கு. அதே 'ரெக்கார்டிங்' டேப்ல மைக் மேல டபுள் கிளிக் பண்ணி 'லெவல்ஸ்' டேபுக்குப் போனா வால்யூமும், சில கம்ப்யூட்டர்ல 'பூஸ்ட்'டும் இருக்கும். பூஸ்ட் பொதுவா பத்துப் பத்து டெசிபலா 30 வரைக்கும் ஏறும். ஆனா அது உங்க குரலோட ஃபேன் சத்தம், ரோட்டு ஹார்ன் எல்லாத்தையும் சேர்த்து ஏத்தும். வாய்க்கும் மைக்குக்கும் இருக்கிற தூரத்தைப் பாதியாக் குறைச்சா குரல் மட்டும் சுமார் 6 டெசிபல் கூடும், ஃபேன் இருந்த இடத்துலயே இருக்கும். அதனால முதல்ல கிட்ட வாங்க, அப்புறம் பூஸ்ட் பத்தி யோசிங்க. ப்ளூ எட்டி மாதிரி மைக்னா உச்சந்தலையில பேசாதீங்க, கம்பெனி பேர் போட்டிருக்கிற முன் பக்கத்தைப் பாத்துப் பேசணும்.

ரெண்டு, ப்ளூடூத். பாட்டு கேக்கும்போது அருமையா இருந்த ஹெட்செட், கால் வந்ததும் பழைய டெலிபோன் ஆயிடுது. அது ரிப்பேர் இல்ல. வழக்கமான ப்ளூடூத்ல பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேற முறை. பேச்சு முறையில மைக்கும் ஸ்பீக்கரும் ஒரு குறுகலான இணைப்பைப் பங்கு போட்டுக்கும். ஸ்டீரியோ போயி மோனோ வரும். சத்தத்தோட சாம்பிள் ரேட் 8 இல்ல 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். வழக்கமான ரெக்கார்டிங் 48. வழி சுலபம்: ஆப்ல ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் ஹெட்செட், மைக்குக்கு லேப்டாப்போட சொந்த மைக். பாட்டுத் தரம் அப்படியே இருக்கும்.

மூணு, 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா அது கரண்ட் வழியா வர்றது. நம்ம ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுதான் அடி வயித்துலேருந்து முணுமுணுக்குது. எர்த் சரியா இருக்கிற மூணு பின் பிளக் பாயிண்ட்ல சொருகுங்க. பதிவு பண்ற நேரத்துல பேட்டரில ஓட்டினாலும் சரி.

நாலு, எதிரொலி. நீங்க பேசுறது உங்களுக்கே திரும்பக் கேட்டா, பெரும்பாலும் தப்பு எதிர்ல இருக்கிறவர் பக்கம்தான். அவரோட ஸ்பீக்கர் சத்தத்தை அவர் மைக்கே எடுத்து அனுப்புது. அவரை ஹெட்போன் போடச் சொல்லுங்க. ஒரே அறையில ரெண்டு பேர் அதே மீட்டிங்ல இருந்தா, ஒருத்தர் மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் அணைக்கணும்.

ஆன்லைன்ல பாட்டு வகுப்பு எடுக்கிறவங்களுக்கு இதைத் தனியாச் சொல்லணும். தம்புரா போட்டுப் பாடினா, மறுமுனையில சுருதியே கேக்கல, கார்வை பாதியில அறுந்து போகுதுங்கிறாங்க. மைக் மேல பழி போடாதீங்க. ஜூம்ல இரைச்சலைக் குறைக்கிற ஒரு வேலை உள்ளுக்குள்ள ஓடுது. மாறாம ஒரே மாதிரி ஓடுற சத்தம்னா அது ஃபேன், ஏசின்னு கணக்குப் போட்டு வெட்டும். தம்புராவும் மாறாம ஓடுற சத்தம்தானே! ஜூம் ஆடியோ செட்டிங்ஸ்ல 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' தேர்ந்தெடுங்க. மீட்டிங்குள்ள வந்ததும் 'ஒரிஜினல் சவுண்ட்' பட்டன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. எதிரொலி வராம இருக்க, ஹெட்போன் மட்டும் மறக்காமப் போட்டுக்கோங்க.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் வரல. அப்ப அந்த ஹெட்செட்டை வேற கம்ப்யூட்டர்ல சொருகிப் பாருங்க. அங்கேயும் ஊமைன்னா ஹெட்செட் போச்சு. அங்க பேசுதுன்னா உங்க லேப்டாப்போட துளை போச்சு. அதுக்காக மதர்போர்டு மாத்தணும்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுலயோ ஆன்லைன்லயோ சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கும். விரல் நீளம்தான். யூஎஸ்பில சொருகி, அதுல ஹெட்செட்டைச் சொருகினா, உடைஞ்ச துளையைத் தாண்டி நேரா வேலை நடக்கும்.

கமென்ட்ல கேள்வி கேக்கிறவங்க 'மைக் ஒர்க் ஆகல'ன்னு மட்டும் போடாதீங்க. விண்டோஸ் 10ஆ 11ஆ, பின்னா யூஎஸ்பியா ப்ளூடூத்தா, பேசும்போது கோடு ஆடுதா இல்லையா. இந்த மூணையும் எழுதுங்க. அப்பதான் சுத்தி வளைக்காம ஒரே வரியில பதில் சொல்ல முடியும்.