குற்றவாளிப் பதிவேடுகளும் குடிமை உரிமைகளும்: அமெரிக்க, இந்திய அனுபவங்கள்

முன்னுரை

நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு. சிறைக்காலம் முடிந்ததும் கதவு திறக்கப்படுகிறது. தண்டத்தொகை செலுத்தப்பட்டதும் கணக்கு முடிகிறது. குற்றவாளிப் பதிவேடு என்னும் ஏற்பாடோ தண்டனை முடியும் இடத்தில் தொடங்குவதாகும். விடுதலை பெற்றவரின் பெயர், நிழற்படம், முகவரி, புரிந்த குற்றம் ஆகியவற்றைத் தொகுத்து, அவர் வீடு மாறுந்தோறும் அவரைக் கொண்டே அதனைப் புதுப்பிக்கச் செய்வது அதன் இயல்பு. சட்டம் இதனைத் தண்டனை என்று அழைப்பதில்லை. முன்காப்பு நடவடிக்கை என்றே அழைக்கிறது.

இவ்வேற்பாட்டின் பின்னணியில் இருப்பது பெற்றோரின் நியாயமான அச்சம். தம் பிள்ளை விளையாடும் தெருவில் யார் குடியிருக்கிறார் என்று அறிய விரும்புவதைக் குறை சொல்ல இயலாது. எனினும், ஒரு குடிமகனின் பெயரை அரசு பட்டியலில் ஏற்றும்பொழுது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பட்டியலில் ஏறுபவர் யார்? அதனைப் பார்ப்பவர் யார்? அதிலிருந்து வெளியேறும் வழி எது? பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட அமெரிக்கப் பதிவேட்டையும், ஒன்றரை நூற்றாண்டாகப் பல வடிவங்களில் தொடரும் இந்தியப் பதிவேடுகளையும் இவ்வினாக்களின் வழியே ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மேகன் சட்டம்

பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 1947ஆம் ஆண்டிலேயே இயற்றியது. அப்பதிவேடு தொடக்கத்தில் காவல் துறையின் பயன்பாட்டிற்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1994ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எதிர்வீட்டில் குடியிருந்தவனால் கொல்லப்பட்டாள். அவன் முன்னரே சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவன் என்பது அக்கம்பக்கத்தார்க்குத் தெரிந்திருக்கவில்லை. அச்சிறுமியின் பெயரைத் தாங்கிய மேகன் சட்டம் அவ்வாண்டிலேயே நியூ ஜெர்சியிலும், 1996ஆம் ஆண்டில் கூட்டரசு அளவிலும் நிறைவேறியது. காவல் நிலையத்துக்குள் இருந்த ஏடு இதன் வழியே பொதுமக்கள் கைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம் குற்றவாளிகளை மூன்று படிகளாக வகுத்து, பதிவுக்காலத்தை முறையே 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுட்காலம் என வரையறுத்தது. இன்று இணையத்தளத்தில் எவரும் ஒரு தெருவின் பெயரைத் தட்டெழுதி, அங்கு வாழும் பதிவு பெற்றவரின் முகத்தைக் காணலாம்.

தகவலா, தண்டனையா?

இச்சட்டங்கள் குடிமை உரிமைகளுக்கு முரணானவை என்னும் வழக்குகளில் இரண்டின் தீர்ப்புகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் வழங்கியது. அலாஸ்கா மாநில வழக்கில், சட்டம் பிறப்பதற்கு முன் புரிந்த குற்றத்திற்காகப் பின்னர் ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றலாமா என்பது வினா. பதிவு என்பது தண்டனையன்று, பொதுநலன் கருதிய ஒழுங்குமுறையே; ஆதலின் முன்தேதியிட்டு அதனை விதிப்பதற்குத் தடையில்லை என்று ஆறு நீதிபதிகள் கருதினர்; மூவர் மறுத்தனர்.

இரண்டாவதான கனெக்டிகட் மாநில வழக்கே நம் ஆய்வுக்கு மேலும் இன்றியமையாதது. தாம் இப்பொழுது ஆபத்தானவர் அல்லர் என்று மெய்ப்பிக்க விசாரணை வாய்ப்பு வேண்டும் என்பது வழக்காடியவரின் கோரிக்கை. சட்டத்தின்படி பட்டியலில் ஏறுவதற்கு முந்தைய தீர்ப்பு ஒன்றே அடிப்படை. ஒருவர் தற்பொழுது ஆபத்தானவரா என்பதைச் சட்டம் கருதவேயில்லை. எனவே அதனை மறுத்து மெய்ப்பிக்கும் வாய்ப்பும் தேவையில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு.

தருக்க முறையில் இம்முடிவு பிழையற்றது. ஆயினும் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அண்டை வீட்டார் அவ்வாறு வாசிப்பதில்லை. அவர் காண்பது ‘முன்பு தண்டனை பெற்றவர்’ என்பதையன்று. ‘இன்று அஞ்சத்தக்கவர்’ என்பதையே. அரசு சொல்லாத ஒன்றை, அரசின் முத்திரையோடு வாசகர் வாசித்துக்கொள்கிறார். அதனை மறுக்கப் பதிவு பெற்றவருக்கு மேடை இல்லை. திறந்த பதிவேடு உரிமைகளைத் தொடும் இடம் இதுவே என நாம் கருதுகிறோம்.

பதிவேட்டின் நிழலில் வாழ்வு

பதிவோடு வேறு தடைகளும் சேர்ந்துகொண்டன. பள்ளி, பூங்கா போன்றவற்றிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் குடியிருத்தல் கூடாது என்பது அவற்றுள் தலையானது. புளோரிடாவின் மயாமி-டேட் வட்டாரம் இத்தொலைவை 2,500 அடி என விதித்தது. நெருக்கமான நகரில் அத்தகைய வீடு கிடைப்பது அரிதாயிற்று. அதன் விளைவாக, கடலின் குறுக்கே செல்லும் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் கூடாரமிட்டுப் பதிவு பெற்றோர் பலர் வாழ்ந்தனர். 2010ஆம் ஆண்டில்தான் அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. உறைவிடமற்றவரைக் கண்காணிப்பது மேலும் கடினம் என்பதை எண்ணும்பொழுது, இத்தடை தன் நோக்கத்தையே குலைத்தது எனலாம்.

2006ஆம் ஆண்டில் மேய்ன் மாநிலத்தில், இணையப் பதிவேட்டில் முகவரிகளைத் தேடியறிந்த இளைஞன் ஒருவன் இருவரை அவர்தம் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவருள் ஒருவர், தம் பத்தொன்பதாம் வயதில், பதினாறு நிறைய இரு வாரங்களே எஞ்சியிருந்த காதலியோடு உறவு கொண்டமைக்காகத் தண்டனை பெற்றவர். அவருடைய குற்றத்திற்கும் ஒரு குழந்தையைச் சீரழித்தவனின் குற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டியல் காட்டவில்லை.

பின்னாளில் நீதிமன்றங்களின் பார்வை ஓரளவு மாறியது. மிச்சிகன் மாநிலம் அடுக்கடுக்காகச் சேர்த்த தடைகள் தண்டனைக்கு ஒப்பானவை. அவற்றை முன்தேதியிட்டு விதித்தல் ஆகாது என்று 2016ஆம் ஆண்டில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பதிவு பெற்றோர் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தக்கூடாது என்ற வட கரோலினாவின் சட்டத்தை 2017ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு முரணானது எனத் தள்ளுபடி செய்தது.

பதிவேடு குற்றங்களைக் குறைக்கிறதா என்பது அடுத்த வினா. பிரெஸ்காட், ராக்காஃப் ஆகிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இருவேறு விளைவுகளைப் பிரித்துக் காட்டுகிறது. காவல் துறைக்கு விவரம் தெரிவது குற்றங்கள் குறைவதோடு தொடர்புற்றுள்ளது. பொதுமக்களுக்கு அறிவிப்பதோ, பதிவு பெற்றோர் மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். வேலையும் வீடும் உறவும் இழந்தவருக்குச் சிறையை அஞ்சுவதற்கான காரணமும் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். மேலும், சிறாரைத் துன்புறுத்துவோரில் மிகப் பெரும்பான்மையர் உறவினராகவோ குடும்பத்திற்கு அறிமுகமானவராகவோ இருப்பதால், அந்நியரின் முகவரியைத் தேடும் கண் வீட்டிற்குள் இருக்கும் ஆபத்தைக் காணத் தவறுகிறது.

இந்தியாவின் பழைய பதிவேடு

அமெரிக்கப் பதிவேட்டிற்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றேனும் அடிப்படையாக உள்ளது. காலனிய இந்தியாவிலோ, குற்றமே புரியாதவரும் முன்காப்பு என்னும் அதே காரணத்தால் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பழக்கமுடையதென அறிவிக்கை செய்ய இடந்தந்தது. அதன்பின் அச்சமூகத்தார் பெயர்களைக் கொண்ட பதிவேட்டை மாவட்ட அதிகாரி தொகுப்பார். அறிவிக்கை செல்லத்தக்கதா என வினவ நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை.

1911ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையைச் சென்னை மாகாணத்திற்கும் விரித்தது. மதுரை மாவட்டப் பிரமலைக் கள்ளர் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். கைரேகை பதிதலே அவர்கள் கண்ட சட்டத்தின் முகமாக இருந்தது. பதிவு பெற்றவர் இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பெண்ணொருவர் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சென்னை மாகாணம் 1947ஆம் ஆண்டிலும், இந்தியா முழுமையும் 1952ஆம் ஆண்டிலும் இச்சட்டத்தை நீக்கின. பட்டியலிலிருந்து விடுபட்டோர் தமிழகத்தில் இன்று சீர்மரபினர் என வழங்கப்படுகின்றனர். சட்டம் அகன்ற பின்னரும் பழைய பட்டியலின் பெயராலேயே ஒரு சமூகம் அறியப்படுவது, பதிவேட்டிலிருந்து வெளியேறுதல் எத்துணை அரிது என்பதற்குச் சான்றாகும்.

விடுதலைக்குப் பிந்தைய பதிவேடுகள்

பிறப்பின் இடத்தில் தனிமனிதரின் நடத்தையை வைத்து, வழக்கக் குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் பல மாநிலங்களில் இயற்றப்பட்டன. காவல் நிலையங்களில் ‘ஹிஸ்டரி ஷீட்’ எனப்படும் கண்காணிப்புக் குறிப்பேடும் தொடர்ந்தது. 1962ஆம் ஆண்டில் கரக் சிங் வழக்கில், குறிப்பேட்டில் உள்ளவர் வீட்டை நள்ளிரவில் தட்டிச் சோதிப்பது சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் கூறியது. 2024ஆம் ஆண்டு மே மாதத் தீர்ப்பொன்றில், இக்குறிப்பேடு காவல் துறையின் உள் ஆவணமே, பொதுமக்களுக்கு உரியதன்று என்பது தெளிவாக்கப்பட்டது. பின்தங்கிய சமூகத்தார் பெயர்கள் இயந்திரத்தனமாக இவற்றில் ஏறிவிடும் நிலையையும் நீதிமன்றம் சுட்டியது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியையே நீக்குமாறு மற்றொரு தீர்ப்பு ஆணையிட்டது.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய அரசு பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. அமெரிக்க முறையைப் பின்பற்ற வேண்டும் என்ற குரல்கள் எழுந்தபோதிலும், அது சட்ட அமலாக்க அமைப்புகளுக்கு மட்டுமே திறக்கப்பட்டது. ஓராண்டுக்கு முன்னர், 2017இல், தனிமறைவு அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்போடு இது பொருந்துவதைக் காண்கிறோம்.

எனினும் பெயரை வீதிக்குக் கொண்டுவரும் ஆசை அகலவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லக்னோ நகரில், போராட்டத்தின்போது பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகக் கூறப்பட்டவரின் பெயர், நிழற்படம், முகவரி ஆகியவை நிர்வாகத்தால் சாலையோரப் பதாகைகளாக நிறுத்தப்பட்டன. அலகாபாத் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரித்து, தனிமறைவு உரிமையை மீறுவதெனக் கூறி அகற்ற ஆணையிட்டது. மாநில அரசு மேல்முறையீட்டிற்குச் சென்றது.

முடிவுரை

மூன்று வினாக்களுக்கு மீண்டும் வருவோம். பட்டியலில் ஏறுபவர் யார் என்பதற்கு, நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்த தனிமனிதர் என்பதே ஏற்கத்தக்க விடை. பிறப்போ, ஐயமோ, வெறும் குற்றச்சாட்டோ அடிப்படை ஆதலாகாது. பார்ப்பவர் யார் என்பதற்கு, காக்கும் கடமையுடையோர் என்பது விடை. மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சிறார் சட்டத் திருத்தத்தின்படி அமைந்த பதிவேடும் இவ்வழியைச் சார்ந்ததே. சிறாரோடு பணிபுரிய வருவோரைச் சரிபார்ப்பதற்கே அது பயன்படுகிறது.

வெளியேறும் வழி பற்றிய வினாவிற்குப் பிரிட்டன் ஒரு விடை தருகிறது. மறுஆய்வே இல்லாத ஆயுட்காலப் பதிவு மனித உரிமைக்கு முரணானது என்று 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அவ்வழக்கைத் தொடுத்தவருள் ஒருவர் பதினோரு வயதில் குற்றம் புரிந்தவர். அதன்பின், குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து மறுஆய்வு கோரும் உரிமை அங்கு சட்டமாயிற்று. ஒருவரது பெயர் நீக்கப்படவேண்டும் என்பதன்று அவ்வுரிமையின் பொருள். தாம் மாறிவிட்டதாகக் கூறுபவரின் சொல்லைக் கேட்க ஓர் அதிகாரி இருக்கவேண்டும் என்பதே. சிறாரின் பாதுகாப்பிற்கு இதனால் குறைவு நேர்வதில்லை. ஆபத்தானவரையும் ஆபத்து நீங்கியவரையும் பிரித்தறியும் பதிவேடே காவலர்க்குப் பயன்படும். அனைவரையும் காலமெல்லாம் ஒரே பட்டியலில் அடைத்து வைக்கும் ஏட்டில் உண்மையாக அஞ்சத்தக்கவனின் பெயர் மற்றவர் பெயர்களுக்கிடையே மறைந்துபோகும்.