அறைக்குள் ஒரு சைக்கிள் பயணம்

2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் நடந்த பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன். சாலையில் ஓட்ட வழியில்லை. வீட்டு கராஜில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் மாட்டிய சைக்கிளை மிதித்துத் தள்ளினார். ஏப்ரல் 10 அன்று பாரிஸ்–ரூபே பந்தயத்தில் சக போட்டியாளர் டாம் பூனனை முந்தி முதலிடம்!

டிரெய்னரில் புதிதாக ஏறுபவருக்கோ பத்தே நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும். உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். சாலையில் எதிர்காற்று அதைத் தணித்துவிடும். அறைக்குள் வியர்வை ஹேண்டில்பாரில் சொட்டி, போல்ட்டைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். சீலிங் ஃபேனை நம்பிப் பயனில்லை. நெஞ்சுக்கு நேராக டேபிள் ஃபேன் வேண்டும்.

இறக்கமும் சிக்னலும் கிடையாது என்பதால் கால் ஓய்வதே இல்லை, உட்கார்ந்த இடமும் வலிக்கும். அவ்வப்போது எழுந்து நின்று மிதிக்கலாம். முதல் வாரத்துக்கு அரை மணி நேரமே தாராளம்.