கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நாங்கள் நால்வர் சேர்ந்து தமிழ்ப் புத்தகங்களைத் தேட ஒரு செயலி எழுதினோம். அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வைத்திருந்தோம். அதே போன்ற செயலியை விற்கும் ஒரு நிறுவனம் பேச அழைத்தது. நான் மட்டும் போனேன். காப்பி கொடுத்தார்கள், ரகசியம் காப்பதாக ஒரு தாளையும் நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்திட்டேன். பிறகு அவர்கள் காட்டியது, நாங்கள் அடுத்து எழுதவிருந்த அதே வசதி! இனி அதை எழுதினால், திருடியதாகச் சொல்வார்களோ என்ற பயம். நண்பர்கள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சாம்பா குழுவின் கதையை முன்பே படித்திருக்கலாம்.

விண்டோஸ் கணினிகளோடு மற்றக் கணினிகளும் கோப்புகளைப் பகிர உதவும் இலவச மென்பொருள் சாம்பா. ஆஸ்திரேலியாவின் கேன்பராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறையை வெளியிடவில்லை. கணினிகளுக்கிடையே போய்வரும் தரவுகளைக் கவனித்தே குழுவினர் அதைக் கற்றார்கள். அந்த விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தரவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004ல் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வெற்றிக்குப் பிறகும் சாம்பா குழு அவசரப்படவில்லை. இதற்கு முந்திய ஆண்டுதான் நோவெல் நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் தனியாகக் காப்புரிமை உடன்பாடு செய்திருந்தது. அதை எதிர்த்து, சாம்பாவின் முக்கிய நிரலாளர் ஜெரமி அலிசன் நோவெல் வேலையையே விட்டார். தன் வீட்டுக்கு மட்டும் குடை வாங்கியவர்களோடு இருக்க அவருக்கு மனமில்லை போலும்.

2007 டிசம்பரில் உடன்பாடு வந்தது. கட்டணம் ஒரே முறை, 10,000 யூரோ. பிரதிக்கு இவ்வளவு என்ற உரிமத்தொகை கிடையாது. ஆவணங்கள் ரகசியம், ஆனால் அவற்றைப் படித்து எழுதும் நிரலை வெளியிடலாம். எனக்கு உறைத்தது இந்த வரிதான். நானும் ரகசியத்துக்குத்தான் கையெழுத்திட்டேன். எங்கள் நிரல் என்னாகும் என்று கேட்கவில்லை. தொடர்புடைய காப்புரிமைகளின் பட்டியலையும் அவர்கள் கேட்டு வாங்கினார்கள், எதைத் தவிர்ப்பது என்று தெரியவேண்டுமே! கையெழுத்திட்டதும் தனிமனிதர் அல்லர், இதற்கென அமைந்த லாபநோக்கற்ற அறநிறுவனம். பிற தன்னார்வ நிரலாளர்களும் அதன்வழி ஆவணங்களைப் பெற அந்த உடன்பாடு வழிசெய்தது.

இப்போது இன்னொரு நிறுவனம் எங்களை அழைத்திருக்கிறது. நால்வரும் போகிறோம். தாளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருக்கிறோம். சட்டம் படிக்கும் நண்பரின் அக்கா பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாள் இன்னும் வரவில்லை.