பாஸிங்குக்கு முன்னால் பாருங்கள்

தசராவும் குடி பாட்வாவும் வந்தால் மும்பை கார் ஷோரூம்களில் நிற்க இடம் இருக்காது. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கோ மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்துக்கோ புது வண்டியைக் கொண்டுபோய்ப் பூஜை போட, வீட்டில் நேரம் குறித்துவிடுகிறோம். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் ஷோரூமில் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோமே, அதைச் சோதனை என்று சொல்லவே முடியாது. பணம் முழுவதும் போயாகிவிட்டது. வண்டி நம் பெயரில் பாஸிங், அதாவது ஆர்.டி.ஓ. பதிவு, ஆகி எம்.எச். 03 என்று நம்பர் பிளேட்டும் மாட்டியாகிவிட்டது.

அதன்பின் குறை தெரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பலாம். வண்டியையே மாற்றி வாங்குவது பெரும்பாடு. வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோதான், முழுக் காரையும் மாற்றித் தர அல்ல என்று மாருதி கார் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 2006இலேயே சொல்லிவிட்டது. ஆகவே பார்க்கவேண்டிய நேரம் பாஸிங்குக்கு முன்பு, பகல் வெளிச்சத்தில், வண்டி நிற்கும் ஸ்டாக்யார்டிலேயே. சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அந்த வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தயங்குகிற டீலரிடம் இன்னும் கறாராகக் கேட்கவேண்டும்.

கோவாவில் ஒருவர் 2011இல் டாடா இண்டிகோ வாங்கப் பணம் கட்டினார். டீலர் கொடுக்க வந்தது 2009இல் தயாரான வண்டி. மீட்டரில் 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாங்க மறுத்து அவர் வழக்குப் போட்டார். வழக்கு 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில்தான் முடிந்தது. பொறுப்பு டீலருடையது, அவர் செய்த தவறு தெரிந்திராத கம்பெனியை இழுக்க முடியாது என்றது கோர்ட். பத்து வருடம்!

தயாரான மாதத்தையும் வருடத்தையும் கண்டுபிடிக்கச் சேசிஸ் நம்பரே போதும். எந்த எழுத்து எந்த மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21இல் தயாரான மாதம், வருடம் எழுத இடம் உண்டு, இரண்டும் ஒத்துப்போகவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3425 என்றால் 2025ஆம் வருடத்தின் 34ஆவது வாரம். வண்டி தயாரான தேதிக்குப் பின் பிறந்த டயர் அதில் மாட்டியிருந்தால், பழைய டயர் எங்கே போனது என்று கேட்டாக வேண்டும்.

நம் ஊரில் மழையை மறக்கக்கூடாது. 2005 ஜூலை 26இல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது நமக்குப் பழகிய காட்சி. வண்டிகள் வாரக்கணக்கில் திறந்தவெளியில் நிற்கும்போது அங்கே என்ன நடந்ததென்று யாரும் சொல்லப் போவதில்லை, வண்டிதான் சொல்லும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், தண்ணீரில் நின்ற வண்டியானால் அடியில் சேற்றுக் கறை தெரியலாம். கால்மிதிக்குக் கீழுள்ள கார்பெட்டைத் தூக்குங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் சீட் நகரும் இரும்புத் தண்டவாளத்தையும் துருவுக்காகப் பாருங்கள். கதவுகளை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் ஈரவாடை மறையாது. பெயின்டை வெயிலில் சாய்வாகப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் நிறம் மாறியிருந்தால் அது ஏற்கெனவே அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த கதவாக இருக்கலாம். ஏ.சி., வைப்பர், கண்ணாடி, இரண்டு சாவி, ஜாக்கி இவற்றை எவரும் பார்த்துக்கொள்வார்கள்.

பில்லையும் வரிவரியாகப் படிக்கவேண்டும். இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கும் ஒரு சதவீத டி.சி.எஸ். (விற்பவர் வசூலிக்கும் வரி) வருமான வரிக் கணக்கில் கழியும் தொகை, அந்தச் சான்றை விடாமல் கேளுங்கள்.

தாராவியில் டூரிஸ்ட் டாக்ஸிக்காகக் கடன் வாங்கிக் கார் எடுக்கும் இளைஞர்களுக்கு இதையெல்லாம் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலும் தவணை நிற்காது. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளை நீட்டும்போது, கண்ட குறைகளை அதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோ எடுத்து அன்றே மெயில் அனுப்புங்கள். டீலர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.